கைக்கு இசைந்த கோல்

ஸ்னூக்கர் ஆட்டம் பிறந்த மண் நம் நாடு. 1875-ஆம் ஆண்டு ஜபல்பூரில், படை அதிகாரிகளின் மெஸ்ஸில், நெவில் சேம்பர்லைன் என்ற இளம் அதிகாரி அதற்கு வடிவம் கொடுத்தார். 1882-இல் உதகமண்டலம் கிளப்பில் அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. அதன் மூத்த உறவான பில்லியர்ட்ஸில் 1958-இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பட்டம் வென்ற வில்சன் ஜோன்ஸ், தனிநபர் விளையாட்டு ஒன்றில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். 2003-இல் பங்கஜ் அத்வானி உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டத்தைக் கொண்டுவந்தார். நெடுங்காலம் பெரும்பாலும் மன்ற உறுப்பினர்களுக்கே உரியதாயிருந்த பச்சைத் துணி மேசை, இன்று நகரங்களின் தெருவோரப் பார்லர்களிலும் இடம் பிடித்துவிட்டது.

மேசையை வாடகைக்குப் பெறலாம். பந்துகளும் அங்கேயே கிடைக்கும். ஆட்டத்தில் ஆர்வம் முற்றிய ஒருவர் சொந்தமாக வாங்க வேண்டிய பொருள் ஒன்றே ஒன்றுதான். அது கியூ எனப்படும் கோல். சுவரோரச் சட்டத்தில் நிற்கும் பொதுக் கோல்களில் ஒன்று வளைந்திருக்கும், ஒன்றின் நுனித்தோல் தேய்ந்து தட்டையாகியிருக்கும், நேற்று நன்றாக ஆடிய கோலை இன்று வேறொருவர் எடுத்துச் சென்றிருப்பார். இந்நிலையில்தான் மகனோ மகளோ பெற்றோரிடம் சொந்தக் கோல் வேண்டும் என்று கேட்கிறார்கள். கடைக்குப் போனால் விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி லட்சத்தையும் தாண்டுகிறது. எந்த வேறுபாட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. விற்பவரோ 'அடி அருமையாக இருக்கும்' என்பதோடு முடித்துக்கொள்கிறார்.

வணிகவியல் படித்த நமக்கு எதையும் நிலையானது, மாறக்கூடியது என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எளிதில் விடுவதில்லை. கோல் வாங்குவதில் அப்பழக்கம் நன்றாகவே கைகொடுக்கிறது. நுனித்தோலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எடையையும் ஓரளவு கூட்டலாம். தண்டின் மேற்பூச்சைத் தேய்த்து எடுத்துவிடலாம். ஆனால் தண்டின் மரம், அது நுனியை நோக்கி ஒடுங்கிச் செல்லும் விதம், அதன் விறைப்பு, இணைப்பு அமைந்த இடம் ஆகியவற்றை வாங்கிய பின் மாற்ற வழியில்லை. மாற்ற முடியாதவற்றைப் பார்த்தே கோலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடையில் நம் கண்ணையும் காதையும் முதலில் கவர்பவை பெரும்பாலும் மற்றவைதாம்.

முதலில் அந்த 'அடி' என்பதை எடுத்துக்கொள்வோம். கோலின் நுனி பந்தைத் தொட்டிருக்கும் நேரம், ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றிரண்டு பங்குதான். அதிர்வு தண்டின் வழியே பின்கைக்கு வந்து, கையிலிருந்து மூளைக்கு எட்டுவதற்குள் பந்து புறப்பட்டுப் போயிருக்கும். ஆகவே, நல்ல அடி என்று நாம் உணர்வது பந்தின் போக்குக்குக் காரணமன்று; பந்து எவ்வாறு அடிபட்டது என்று பின்னர் வந்து சேரும் செய்தி. பணம் கட்டிய பின் கையில் கிடைக்கும் ரசீதைப் போன்றது. ரசீது தெளிவாக இருந்தால், நடுவில் அடித்தோமா, சற்று விலகி அடித்தோமா என்பதை ஆட்டக்காரர் அப்போதே அறிந்து திருத்திக்கொள்வார். மங்கலாக இருந்தால் பிழை பழக்கமாகிவிடும். கோலின் அடிக்கு மதிப்பு இருப்பது இந்த அளவில்தான்.

இந்தச் செய்தியைத் தீர்மானிப்பதில் முதலிடம் நுனித்தோலுக்கு. அதற்கு அடுத்தது தண்டின் முன்பகுதி விறைப்பு. இணைப்பு இவற்றுக்குப் பின்னர்தான் வரும். மென்மையான தோல் மந்தமான ஒலி தரும். கடினமான தோல் கணீரென்று ஒலிக்கும். கடையில் இரண்டு கோல்களை ஒப்பிட்டு ஒன்றன் அடியே உயர்ந்தது என்று நாம் முடிவு செய்யும்போது, பல நேரம் ஒப்பிட்டது கோல்களையல்ல, சில நூறு ரூபாய்க்குள் மாற்றிவிடக்கூடிய இரண்டு தோல்துண்டுகளை. எனவே, இரண்டிலும் ஒரே வகைத் தோல் இருக்கிறதா என்று முதலில் கேட்டறிவது நல்லது. தோலின் வளைவும் ஒத்திருக்க வேண்டும். அமெரிக்க ஆட்டக்காரர்கள் தங்கள் நிக்கல் நாணயத்தின் விளிம்பு வளைவை இதற்கு அளவாகக் கொள்வதுண்டு. அதன் விட்டம் 21 மி.மீ.க்குச் சற்று மேல். 2011-இல் வெளிவந்த வரிசையைச் சேர்ந்த நம் ஒரு ரூபாய் நாணயம் சுமார் 22 மி.மீ. என்பதால் அந்த வேலைக்கு அதுவே போதும். ரூபாய்க்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்பதில் வங்கிக்காரர்களான நமக்கு மகிழ்ச்சியே.

தண்டின் முன்பகுதி இதைவிட முக்கியமானது. வெள்ளைப் பந்தின் நடுவிலிருந்து இடப்புறமாக விலக்கி அடித்தால் பந்து சுழற்சி பெறுகிறது. அதே வேளையில், கோல் காட்டிய திசையிலிருந்து இம்மியளவு வலப்புறமாக விலகியும் செல்கிறது. பன்னிரண்டடி நீள மேசையில் இம்மியளவு விலகல் மறுமுனையில் குழி தவறுவதாக முடியும். இவ்விலகலின் அளவு தண்டின் முன்முனையிலுள்ள சில அங்குலங்களின் எடையைப் பொறுத்தது. தொடும் நேரம் அவ்வளவு குறுகியது என்பதால், கோலின் பிற்பகுதிக்கு இதில் பங்கு ஏதுமில்லை. முன்முனை மெலிந்தும் எடை குறைந்தும் இருந்தால் விலகல் குறையும். பித்தளைப் பூண் நீண்டிருந்தால் சற்றுக் கூடும். ஆட்டக்காரர் இதைக் கணக்கிட்டு அடிப்பதில்லை. ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பின் கண்ணும் கையும் தாமாகவே ஈடுசெய்யக் கற்றுக்கொள்கின்றன. கற்றுக்கொண்டது அந்த ஒரு கோலின் விலகலை மட்டுமே. கோலை மாற்றினால் அந்தக் கல்வியின் பெரும்பகுதி வீணாகி, மீண்டும் தொடக்கத்திலிருந்து வர வேண்டும்.

ஸ்டீபன் ஹென்ட்ரி ஏழு முறை உலகப் பட்டம் வென்றது சிறுவயதில் கிடைத்த விலை குறைந்த ஒரே கோலைக் கொண்டுதான். 2003-இல் விமானப் பயணத்தில் அது உடைந்தபோது அவர் இழந்தது அந்தப் பழைய மரத்துண்டின் விலையையா? ஆண்டுதோறும் கோல் மாற்றும் இளைஞர்களைக் காணும்போது நமக்கு நினைவுக்கு வருவது, நல்ல வைப்பை முதிர்வுக்கு முன்பே முறித்துக்கொண்டு போகும் வாடிக்கையாளர்தான்.

சமநிலையை அளப்பது எளிது. கோலை ஒரு விரலின்மேல் கிடையாக வைத்து நகர்த்தினால், இருபுறமும் சாயாமல் நிற்கும் இடம் ஒன்று தென்படும். ஸ்னூக்கர் கோல்களில் அது வழக்கமாக அடிமுனையிலிருந்து 16 முதல் 18 அங்குலத்துக்குள் அமையும். எடை பொதுவாக 17 முதல் 19 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 480 முதல் 540 கிராம். வாங்குவோர் எடையை மட்டும் கேட்டு நின்றுவிடுகிறார்கள். ஒரே எடையுள்ள இரு கோல்கள் கையில் முற்றிலும் வேறாகத் தோன்றக் காரணம் இந்தச் சமநிலைப் புள்ளிதான். புள்ளி முன்னோக்கி இருந்தால் தண்டு மேசைமேல் ஊன்றிய கையில் அழுந்திப் படியும். நேராகச் செல்லும், ஆனால் மெல்லிய அடிகளில் சற்றுச் சோம்பலாகத் தோன்றும். பின்னோக்கி இருந்தால் முன்முனை இலேசாகித் துள்ளும். அவசரக் கைக்கு அது ஆகாது.

எடை கூட்டினால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 18 அவுன்ஸ் கோலின் சமநிலை அடிமுனையிலிருந்து 17 அங்குலத்தில் இருக்கிறது. அடிமுனைக்கு 2 அங்குலம் உள்ளே ஓர் அவுன்ஸ் எடையைத் திருகிச் சேர்க்கிறோம். 18-ஐ 17-ஆல் பெருக்கி, அதனுடன் 2 சேர்த்து, 19-ஆல் வகுத்தால் வருவது ஏறத்தாழ 16.2. ஓர் அவுன்ஸ் கூட்டியதில் சமநிலை முக்கால் அங்குலத்துக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. எடையைச் சரிசெய்யப் போய்ச் சமநிலையைக் கெடுத்துக்கொள்வது இப்படித்தான். ஆகவே, எடையை அடியில் கூட்டலாம் என்பதை நம்பி வாங்காமல், தொடக்கத்திலேயே இரண்டும் ஒத்துவரும் கோலைத் தேடுவதே சரி.

நீளத்தைப் பொறுத்தவரை 57 அல்லது 58 அங்குலம் பெரும்பாலானோர்க்குப் போதும். விதிப்படி மூன்றடிக்குக் குறையக்கூடாது என்பதே கட்டுப்பாடு. அடிக்கும் நிலையில் குனிந்து, நுனி பந்தைத் தொடும் அளவில் நிறுத்திப் பாருங்கள். முன்னங்கை செங்குத்தாகத் தொங்கும்போது பிடிக்குப் பின்னால் சில அங்குலம் கட்டை மீதமிருக்க வேண்டும். பிடி கட்டையின் கடைசி முனைக்கே போய்விட்டால் கோல் குட்டை. வளரும் பிள்ளைகளுக்கு வாங்கும்போது இதைக் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும்.

மரத்தில் இரண்டே தேர்வுகள் பொதுவானவை. ஆஷ் மரத்தண்டில் அம்புத்தலை போன்ற இழைவரிகள் தெளிவாகத் தெரியும்; கோலை ஒவ்வொரு முறையும் ஒரே முகமாகப் பிடிக்க அவ்வரிகள் துணைசெய்கின்றன. மேப்பிள் வழவழப்பானது, வரிகள் கண்ணில் படுவதில்லை. இரண்டிலும் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் ஆடியிருக்கிறார்கள். வரிகள் நுனிவரை நேராக ஓடுகின்றனவா என்று பார்ப்பது மரத்தின் பெயரைக் கேட்பதைவிடப் பயனுள்ளது. குறுக்கே சாய்ந்து வெளியேறும் வரியுள்ள தண்டு பிற்காலத்தில் வளையும் வாய்ப்பு அதிகம்.

கையிசைவு என்பது மூன்றாவது. இதில் தட்பவெப்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மும்பையிலோ சென்னையிலோ வியர்த்த விரல்களுக்கிடையே பளபளவென்று வார்னிஷ் பூசிய தண்டு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். எண்ணெய் மட்டும் ஊட்டிய மரம் வழுக்கிச் செல்லும். கடையின் குளிர்பதன அறையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் சிக்கல். வாய்ப்பிருந்தால், வாங்க விரும்பும் கோலை நாம் வழக்கமாக ஆடும் மேசைக்குக் கொண்டுவந்து ஒரு மணி நேரமாவது ஆட வேண்டும். அப்போது கடினமான குழிகளை முயலாமல், வெள்ளைப் பந்தை மேசையின் நடுக்கோடு வழியே எதிர்ப்பக்கத்துக்கு அடித்து, அது திரும்பி நுனிக்கே வருகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பது போதும். இருபதாவது அடிக்குள் கோலைப் பற்றிய நினைப்பு மறந்துபோனால் அது இசைந்த கோல். இன்னும் அதன் எடையும் ஒலியும் கவனத்தை இழுத்துக்கொண்டிருந்தால் மற்றொன்றை எடுக்கலாம்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. ஒரு கண்ணை மூடி, தண்டின் வழியே நுனிவரை பார்த்துக்கொண்டு கோலை மெல்லச் சுழற்றினால் வளைவு தெரிந்துவிடும். மேசைமேல் உருட்டிப் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். இணைப்பை முறுக்கியபின் இடைவெளி தெரியக்கூடாது. பிறகு கோலைச் செங்குத்தாகப் பிடித்து, அடிமுனையின் ரப்பரைத் தரையில் மெதுவாகத் தட்டிக் காது கொடுங்கள். மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கும் அதே கலைதான். உள்ளே கடகடவென்றோ ரீங்காரமாகவோ ஒலி வந்தால் எடைத்திருகோ இணைப்போ தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுவோம். ஓர் அளவுக்கு மேல் கூடும் தொகையில் பெரும்பங்கு அடிக்கட்டையின் அழகுக்குப் போகிறது. கருங்காலியில் இழைத்த வண்ண மரப்பட்டைகள், கையால் பொருத்திய கூர்வேலை முதலியன கண்ணுக்கு விருந்து. அவற்றை விரும்பி வாங்குவதில் தவறில்லை. பந்து அவற்றை அறியாது. தொடங்கும் மாணவருக்கு நேரான வரியோடிய தண்டும் நல்ல இணைப்பும் கொண்ட எளிய கோலே போதும். இதற்காகக் கடன் வாங்கத் தேவையில்லை என்பது நம் கருத்து. வங்கியாளர் இப்படிச் சொல்வது தொழிலுக்கு அழகன்று என்று மேலதிகாரிகள் கருதக்கூடும்.

எய்ட் பால், நைன் பால் போன்ற சிறு மேசை ஆட்டங்களை மட்டுமே ஆடுவோர் ஸ்னூக்கர் கோலை வாங்க வேண்டாம். அங்கே பந்து 52.5 மி.மீ. அன்று, 57 மி.மீ.; எடையும் அதிகம். 9 முதல் 10 மி.மீ. நுனியுள்ள மெல்லிய தண்டுக்கு அந்தச் சுமை பொருந்தாது. 12 அல்லது 13 மி.மீ. நுனியும் சற்றே கூடுதல் எடையும் உள்ள கோல்கள் அதற்கென்றே கிடைக்கின்றன. முதல் அடியாகப் பந்துக்குவியலை உடைப்பதற்கு மட்டும் பார்லரின் பொதுக் கோலை எடுத்துக்கொண்டால், சொந்தக் கோலின் தோல் நெடுநாள் உழைக்கும்.

வாங்கிய கோலைச் சுவரில் சாய்த்து வைக்கக்கூடாது, வெயிலில் நிற்கும் காரினுள் விடவும் கூடாது. மழைக்காலத்தில் உறையினுள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று இருக்கட்டும். விமானத்தில் கோலைக் கைப்பையோடு உள்ளே எடுத்துச் செல்ல அனுமதியில்லை. அது சரக்குப் பகுதியில்தான் போகும் என்பதால், துணி உறையை விட்டுக் கெட்டியான பெட்டி வாங்குவதற்கு அதிகப்படியாகச் சில நூறு ரூபாய் ஒதுக்கிவையுங்கள்.