பேஸ் வாசிப்பவர் எங்கே வளர்கிறார்?

கோலார் தங்கவயலுக்கு மேற்கத்திய இசை நேற்று வந்ததல்ல. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் சுரங்க வேலையைக் கையில் எடுத்த பிறகு, வெள்ளைக்காரர்களின் கிளப்புகளும் தேவாலயங்களும் அதை ஊருக்குள் கொண்டுவந்தன. தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகளில் பறையும், பின்னாளில் சினிமாப் பாட்டும் இருந்தன. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்புக்காக மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குப் போய்த் திரும்புவது இன்று பல வீடுகளின் அன்றாடம். இங்கே ஒரு பேண்டில் பேஸ் கிட்டாரைக் கையில் எடுக்கும் இளைஞருக்கு வேலையும் பயணமும் போக மிஞ்சுவது சொற்ப நேரம். அந்த நேரத்தை விரல் வேகத்துக்குக் கொடுப்பதைவிடக் காதுக்கும் கூட்டுப் பயிற்சிக்கும் கொடுப்பதே சரி என்பேன்.

காரணம் வாத்தியத்திலேயே இருக்கிறது. சாதாரண நான்கு தந்தி பேஸில் தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழான ஒலியைத் தரவே முடியாது. அதன் மேலடுக்குச் சாயல்தான் நம் காதுக்கு வருகிறது. கைபேசியிலேயே பாட்டுக் கேட்டு வளர்ந்தவருக்கு, தான் வாசிக்கப்போகும் பகுதியே பாதி கேட்டிருக்காது. அடுத்தது, சுரத்தின் நீளம். கிக் டிரம் விழும் நொடியில் தந்தியை மீட்டுவது பாதி வேலைதான். ஸ்னேர் விழும்போது இடக்கை விரலைத் தந்தியிலிருந்து முழுதாக எடுக்காமல் லேசாகத் தளர்த்தி, ஒலியை அடக்க வேண்டும். அந்தச் சின்ன மௌனத்தில்தான் பாட்டு நடை போடுகிறது. மெட்ரோனோம் தாளத்தைச் சொல்லித்தரும்; எதிரே இருக்கும் டிரம்ஸ்காரர் கொஞ்சம் இழுத்து வாசிப்பவரா, முந்துபவரா என்பதை அது சொல்லாது.

எல்லாவற்றையும் இசையமைப்பாளரே எழுதிக் கொடுத்துவிட்டால் வாசிப்பவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் குறிப்பு எழுதுபவர். ஆனாலும் அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனின் பெயரை ரசிகர்கள் இன்றும் சொல்கிறார்கள். எந்தச் சுரம் என்பதைத் தாள் சொல்லும். எவ்வளவு அழுத்தி, எங்கே விடுவது என்பது விரலுக்கும் காதுக்கும் இடையிலான விஷயம். டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனத்தில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வலக்கையின் ஒரே விரலால் மீட்டியவர். பழைய தந்திகளை மாற்றவும் விரும்பாதவர். பல ஆண்டுகள் இசைத்தட்டுகளில் அவர் பெயர்கூட அச்சாகவில்லை. ஆனாலும் பேஸ் வாசிப்பவர்கள் இன்றும் அவரிடம் பாடம் கேட்கிறார்கள்.

பேஸ் கலைஞர் மோகினி டேயைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு: அவருடைய வேகம்தானே உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது? உண்மைதான், அந்த வேகம் அசாத்தியமானது. ஆனால் பேஸ் கலைஞரான தந்தையிடம் சிறு வயதிலேயே பயின்று, பெரியவர்களின் குழுக்களில் உட்கார்ந்து வாசித்து வளர்ந்தவர் அவர். ஏ.ஆர். ரஹ்மான் மேடையில் அவர் பாடகருக்கு இடம் விட்டு வாசிப்பதையும் பார்க்க வேண்டும். வேகம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை; நேரம் குறைவாக இருப்பவர் அதிலிருந்து தொடங்கக் கூடாது.

வாரம் ஒருமுறை டிரம்ஸ்காரரோடு மட்டும் உட்கார்ந்து, ஒரே பாட்டை மெதுவாக ஒரு மணி நேரம் வாசியுங்கள். அதைப் பதிவு செய்து, மறுநாள் ரயிலில் நல்ல இயர்போனில் கேளுங்கள். இரண்டு பேரும் எங்கே பிரிகிறீர்கள் என்று பங்காரப்பேட்டை தாண்டுவதற்குள் தெரிந்துவிடும்.