கதிர் ஏந்திய அம்பு

நாமக்கல் மாவட்டத்தில் ஓங்கி நிற்பது கொல்லிமலை. சங்க காலத்தில் அம்மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. அவன் எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றைத் துளைத்துச் சென்று, இறுதியில் உடும்பின் உடலில் தைத்தது என்பது புறநானூறு தரும் செய்தி. எதிர்ப்பட்ட ஐந்து உயிர்களையும் துளைத்தது ஓரியின் அம்புக்குப் பெருமை. எதிர்ப்படும் பல்லாயிரம் பொருள்களை விட்டு விலகி, தனக்குரிய ஒன்றை மட்டுமே பற்றும் அம்பும் உலகில் உண்டு. அது மனிதனுடைய குருதியிலேயே உள்ளது.

நோய்க்கிருமி போன்ற அயற்பொருள் உடலினுள் புகுந்தால், வெள்ளணுக்களுள் ஒருவகையானவை ஒரு புரதத்தை உண்டாக்கி அதனை எதிர்க்கின்றன. அப்புரதத்திற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய இலக்கையே நாடிச் சென்று ஒட்டிக்கொள்ளும். குருதியில் மிகமிக நுண்ணிய அளவில் கலந்துள்ள ஒரு பொருளைத் தேடிப் பிடிக்க இதனினும் சிறந்த ஏவலாள் இல்லை. ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. எதிர்ப்பொருள் கண்ணுக்குப் புலப்படாது. அது சென்று தைத்த இடத்தை அறிவது எங்ஙனம்?

இவ்வினாவிற்குக் கதிரியக்க அயோடின் விடை தந்தது. அயோடின்-131, அயோடின்-125 என்பன ஓயாது கதிர்களை வெளியிடுபவை. முன்னதன் அரைவாழ்வுக் காலம் 8 நாள். பின்னதன் காலம் ஏறத்தாழ 60 நாள். இவற்றின் அணுவொன்றை எதிர்ப்பொருளில் பொருத்திவிட்டால், அது செல்லும் இடமெல்லாம் கதிர் அதனைக் காட்டிக் கொடுக்கும். 1948-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பிரஸ்மனும் கைலியும் எலியின் சிறுநீரகத்தை நாடும் எதிர்ப்பொருளில் கதிரியக்க அயோடினை ஏற்றி, அது உடலில் தங்கும் இடத்தை ஆராய்ந்தனர். பின்னர் ரோசலின் யாலோ என்னும் அம்மையாரும் சாலமன் பெர்சன் என்னும் மருத்துவரும் இன்சுலினில் அயோடினை ஏற்றி, குருதியிலுள்ள இன்சுலினை அளக்கும் வழியைக் கண்டனர். தம் முறைக்கு அவர்கள் காப்புரிமை பெறவில்லை; உலகிற்கே வழங்கிவிட்டனர். பெர்சன் 1972-இல் மறைந்தார். யாலோ அம்மையார் 1977-இல் நோபல் பரிசு பெற்றார்.

அயோடினை ஏற்றும் முறை நுட்பமானது. எதிர்ப்பொருள் கரைசலுடன் கதிரியக்கச் சோடியம் அயோடைடைச் சேர்த்தால் மட்டும் போதாது. அயோடைடு தானாகப் புரதத்துடன் இணையாது. குளோரமின்-டி என்னும் ஆக்சிஜனேற்றியைச் சிறிது சேர்த்தவுடன் அயோடின் கிளர்ச்சியுற்று, புரதத்திலுள்ள டைரோசின் என்னும் பகுதியில் பற்றிக்கொள்கிறது. ஒரு நிமிட அளவில் இவ்வினை முடிந்துவிடும். உடனே வேறொரு மருந்தைச் சேர்த்து வினையை நிறுத்துவர். பின்பு கரைசலை நுண்துளை மணிகள் நிறைந்த குழாயின் வழியே செலுத்துவர். பெரிய மூலக்கூறாகிய எதிர்ப்பொருள் மணிகளுக்குள் புகாமல் முதலில் வெளிவரும்; எஞ்சிய அயோடின் பின்தங்கி வரும்.

அயோடினை மிகுதியாக ஏற்றினால் கதிர் மிகுமே என்று எண்ணலாம். அவ்வாறு செய்தால் எதிர்ப்பொருளின் வடிவம் கெட்டு, இலக்கைப் பற்றும் ஆற்றல் குன்றும். கூர் மழுங்கிய அம்பில் எத்துணை ஒளி இருந்தும் பயன் என்ன? ஆகவே மூலக்கூறு ஒன்றுக்கு அயோடின் அணு ஒன்று என்ற அளவையொட்டியே ஏற்றுவர்.

இம்முயற்சியின் பயனைப் பச்சிளங்குழந்தையிடம் காணலாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே தைராய்டுச் சுரப்பி சரிவர இயங்காது. பிறந்தபோது குறை வெளியே தெரியாது. தெரியும் காலத்தில் மூளை வளர்ச்சி தடைப்பட்டிருக்கும். அச்சுரப்பி சோம்பினால் அதனைத் தூண்டும் ஹார்மோன் குருதியில் மிகும். குழந்தையின் குதிகாலில் எடுத்த ஒரு துளிக் குருதியைத் தாளில் உலர்த்திச் சோதித்தால் போதும். குழாயின் சுவரில் ஒட்டவைத்த எதிர்ப்பொருள் அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும். அயோடின்-125 ஏற்றிய மற்றோர் எதிர்ப்பொருள் அதன்மேல் வந்து அமரும். கழுவிய பின் எஞ்சும் கதிரை எண்ணினால் ஹார்மோனின் அளவு விளங்கும். குறை தெரிந்தவுடன் நாள்தோறும் தைராக்சின் மருந்து கொடுத்தால் குழந்தை நன்கு வளரும். கொல்லிமலையில் பிறந்த குழந்தையின் குருதித் தாளும் எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஆய்வுக்கூடம் சேர்ந்தால், அதன் அறிவு காக்கப்படும்.

நம் நாட்டில் 1956-இல் டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கிய பின் கதிரியக்கப் பொருள்களின் ஆக்கம் வளர்ந்தது. தைராய்டுச் சோதனைக்குரிய அயோடின்-125 ஏற்றிய பொருள்களும் நம் நாட்டிலேயே தயாராகி ஆய்வகங்களுக்கு வழங்கப்பெற்றன.

இத்தொழிலில் வியத்தற்குரிய முரண் ஒன்று உண்டு. அயோடின் எளிதில் ஆவியாகும். அந்த ஆவியைச் சுவாசித்தால், நல்ல அயோடினுக்கும் கதிரியக்க அயோடினுக்கும் வேறுபாடு அறியாத தைராய்டுச் சுரப்பி அதனைச் சேமித்துக்கொள்ளும். குழந்தையின் சுரப்பியைக் காக்கும் பொருளே ஆய்வாளரின் சுரப்பிக்குப் பகையாகலாம். ஆதலின் அவர்கள் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டினுள், ஈயத் தடுப்பின் பின்னால், கையுறை அணிந்து பணி செய்வர். தம் கழுத்தையும் கருவியால் அவ்வப்போது சோதித்துக்கொள்வர்.

இந்நாளில் பல ஆய்வுக்கூடங்கள் கதிரியக்கத்திற்கு மாற்றாக நொதிகளையும் ஒளிவிடும் வேதிப்பொருள்களையும் எதிர்ப்பொருளில் ஏற்றுகின்றன. ஏற்றும் பொருள் மாறினும் நெறி மாறவில்லை. இலக்கை அறிந்த அம்பும், அளவறிந்து ஏற்றிய அடையாளமும், விழிப்புள்ள கையும் ஒன்றுசேர்ந்தால், கண் காணாததையும் மனிதன் அளந்தறிவான். அதனால் ஓர் உயிரின் வாழ்வும் மலரும்.