நான்கு திரைக்கு ஒரு ரசீது போதாது

சுங்கை பஞ்சாங்கிலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் ஒன்றை அனுப்பியிருந்தார். கணினி, நான்கு திரைகள், மூன்று நாள் பங்குச் சந்தைப் பயிற்சி, ஓராண்டுக்கு ‘சிக்னல்’ குழுவில் இடம். எல்லாம் சேர்த்து ஒரே தொகை. கீழே பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு; அது ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. “அண்ணே, அப்பா இ.பி.எஃப். பணத்துல கொஞ்சம் எடுத்துத் தர்றேங்கிறார். வாங்கலாமா?”

அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். அந்தச் சேமநிதிப் பணம் எப்படிச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பதிலை விரிவாக எழுதுகிறேன்.

கணினி வாங்கலாம் தம்பி. ஆனால் அந்தப் பட்டியலை முதலில் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். கணினியும் திரையும் பொருள்கள். அவற்றுக்கு 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். பங்குகள் அந்தச் சட்டத்துக்குள் வராது. அதன் தொடக்கப் பிரிவிலேயே அவை விலக்கப்பட்டுள்ளன. காசு வாங்கிக்கொண்டு ‘இதை வாங்கு, அதை விற்றுவிடு’ என்று சொல்வதைத் தொழிலாகச் செய்வது முதலீட்டு ஆலோசனை. அதற்கு 2007-ஆம் ஆண்டு மூலதனச் சந்தை, சேவைகள் சட்டத்தின்படி பங்கு ஆணையத்தின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் செய்தால் 1 கோடி ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை. எல்லாம் ஒரே ரசீதில் ஒட்டிக்கொண்டால், நாளை திரை கெட்டுப்போகும்போது ‘அது பயிற்சிக்கு இலவசமாகக் கொடுத்தது’ என்பார்கள். சிக்னல் பொய்த்தால் ‘நாங்கள் விற்றது கணினி’ என்பார்கள்.

முதலில் பெட்டியைப் பார்ப்போம். விலை வரைபடம் பார்க்க விளையாட்டுக் கணினியின் பலம் தேவையில்லை. அலுவலகங்கள் குத்தகை முடிந்து கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகைப் பெட்டிகளில் 16 ஜிபி ராமும் ஒரு எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் போதும். கூர்ந்து பார்க்க வேண்டியது பிராசசர் எண்ணை. ஐ5-6500 என்றால் 6-ஆம் தலைமுறை, ஐ5-8500 என்றால் 8-ஆம் தலைமுறை. இன்டெலின் 7-ஆம் தலைமுறையும் அதற்கு முந்தையவையும், ஒரு சில விதிவிலக்குகள் நீங்கலாக, விண்டோஸ் 11-க்கு ஆகாதவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. பழைய பெட்டி மலிவாகக் கிடைத்தால் இதை நினைத்துப் பாருங்கள். வங்கிக் கணக்கையும் பங்குக் கணக்கையும் திறக்கப்போகும் இயந்திரத்தில் ஓட்டை அடைக்கப்படாத விண்டோஸ் இருக்கக் கூடாது. திருட்டு விண்டோசும் அதே ஆபத்துதான்.

அடுத்தது திரைகள். 8-ஆம் தலைமுறை ஐ5-இன் உள்ளிருக்கும் கிராபிக்ஸே மூன்று திரைகளை ஓட்டும். ஆனால் பெட்டியின் பின்னால் அத்தனை துளைகள் இருக்க வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் எத்தனை, எச்.டி.எம்.ஐ. எத்தனை என்று எண்ணிப் பார்த்த பிறகே திரை வாங்குங்கள். நான்காவது திரைக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும். ஒல்லிப் பெட்டிக்குள் குட்டைக் கார்டு மட்டுமே நுழையும். என்னைக் கேட்டால், முதல் ஆண்டுக்கு இரண்டு திரை போதும்: ஒன்றில் வரைபடம், இன்னொன்றில் ஆர்டர். புர்சா மலேசியா காலை 9 முதல் 12:30 வரை, பிறகு 2:30 முதல் 5 வரை நடக்கிறது. புதியவரால் அந்த நேரத்தில் ஒழுங்காகக் கவனிக்க முடிவது நாலைந்து பங்குகளைத்தான். திரை கூடினால் கவனம் சிதறும், லாபம் கூடாது.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 24 அங்குலத் திரை ஒன்று சுமார் 20 வாட்தான் இழுக்கும். ஆகவே பாரம் ஆபத்தில்லை. மலிவான நீட்டிப்பு வயர்தான் ஆபத்து. சிரிம் தர முத்திரை இல்லாததைத் தொடாதீர்கள். வயல்வெளியில் இடி இறங்கும் மாலைகளில் பிளக்கையும் இணைய வயரையும் கழற்றிவிடுங்கள். லயத்து வீட்டில் புது பிளக் பாயின்ட் வேண்டுமானால் பதிவு பெற்ற வயர்மேன் வரட்டும்.

இனி ரசீது. பயனீட்டாளர் சட்டத்தின் 33-ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. எந்த வேலைக்காக வாங்குகிறோம் என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்கும் என்ற உத்தரவாதம் சட்டப்படி வந்து சேர்கிறது. வாயால் சொன்னதை நாளை யார் ஒப்புக்கொள்வார்கள்? அதனால் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்: ‘விண்டோஸ் 11-இல் மூன்று திரைகளை ஒரே நேரத்தில் இயக்க’. கூடவே பிராசசர் எண்ணும், பழையதா புதியதா என்பதும், கடையின் பதிவு எண்ணும். பழைய பொருளானாலும் கடையில் வாங்கினால் தரத்துக்கான 32-ஆம் பிரிவு பொருந்தும். ஆனால் ‘இந்த மூலையில் கீறல் இருக்கிறது’ என்று வாங்குமுன் காட்டிவிட்டிருந்தால், பிறகு அந்தக் கீறலைச் சொல்லி முறையிட முடியாது. ஃபேஸ்புக்கில் தன் வீட்டுத் திரையை விற்கும் தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பே கிடையாது. அவர் வணிகர் அல்லர்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். சட்டம் தந்த உத்தரவாதத்தை ஒரு பலகை பறிக்க முடியாது. முதலில் பழுதைச் சரிசெய்யச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பெரிய குறையானால் பொருளையே நிராகரிக்கலாம். ஆனால் நாள் கடத்தினால் அந்த உரிமை நழுவும். கடை மசியவில்லையா? பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 ரிங்கிட் கட்டி முதலாம் பாரத்தை நிரப்பினால் போதும். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், 3 ஆண்டுக்குள் கோர வேண்டும். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. பெரிய கடையும் அங்கே வழக்கறிஞரோடு வந்து நிற்க முடியாது. தீர்ப்பை மதிக்காவிட்டால் அது குற்றம். வழி தெரியாவிட்டால் உள்நாட்டு வாணிப அமைச்சின் 1-800-886-800 எண்ணுக்கு அழையுங்கள்.

பங்குப் பக்கம் இவ்வளவு எளிதல்ல. தரகர் நிறுவனமோ ஆலோசகரோ, பங்கு ஆணையத்தின் உரிமப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலையும் பாருங்கள். நிறுவனத்துக்குச் சேர வேண்டிய பணம் தனி ஆளின் கணக்குக்குப் போனால் அங்கேயே நில்லுங்கள். அந்தக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் போட்டு, அதன்மேல் மோசடிப் புகார் உண்டா என்று பார்க்கலாம். ‘கணினியைச் சரிபார்த்துத் தருகிறேன், எனிடெஸ்க் திறங்கள்’ என்று கேட்பவருக்கு, தூரத்திலிருந்தே கணினியை இயக்கவிடும் அந்தச் செயலியைத் திறக்காதீர்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள். வெட்கப்பட்டு இரவைக் கடத்தினால் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும். உரிமம் பெற்ற தரகரோடு தகராறு என்றால் முதலில் அவரிடமே எழுத்தில் முறையிட வேண்டும். தீராவிட்டால், 2025 ஜனவரியில் தொடங்கிய நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவை 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைக் கட்டணமின்றி விசாரிக்கும். பங்கு விலை இறங்கி வந்த நட்டத்தை மட்டும் எந்தக் கதவும் ஈடுகட்டாது.

தோட்டத்துப் பெரியவர்களிடம் பங்கு என்று சொன்னால் முகம் வாடும். 1982-இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்காகச் சுமார் 66,000 இந்தியர்கள் 10 கோடியே 60 லட்சம் ரிங்கிட் திரட்டிக் கொடுத்தார்கள். நகையை அடகு வைத்தவர்களும் அதில் உண்டு. 2010-இல் ஒரு தனியார் நிறுவனம் வாங்க முன்வந்தபோது 1 ரிங்கிட் பங்குக்குக் கிடைத்த விலை 80 சென். ஏறக்குறைய முப்பது ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு. அந்தத் தம்பியின் அப்பா தயங்கினால் அதைப் பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து ரசீதையும் உரிம எண்ணையும் அவருக்குக் காட்டுங்கள்.

தம்பி நேற்று மறுபடி எழுதியிருந்தார். வேறொரு கடையில் பெட்டியும் இரண்டு திரையும் பேசியிருக்கிறார். நான் சொன்ன வரியை ரசீதில் எழுதித் தரக் கடைக்காரர் சம்மதித்துவிட்டாராம். சிக்னல் குழுக்காரரிடம் உரிம எண் கேட்டு நான்கு நாளாகிறது. இன்னும் பதில் வரவில்லை.