மாவுக்கட்டும் முதல் இரண்டு இரவுகளும்

பக்கத்து வீட்டுப் பையனுக்கு எட்டு வயது. கொய்யா மரத்திலிருந்து விழுந்து, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிட்டது. மாலையில் மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். இரவு 11 மணிக்கு அழ ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. “எலும்பு உடைஞ்சா வலிக்கத்தான்டா செய்யும், கண்ண மூடிப் படு” என்று பாட்டி தலையைக் கோதிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களில் ஒன்றை மெல்ல நிமிர்த்திப் பார்த்தார். பையன் அலறினான். என்னை எழுப்பினார்கள், நடுநிசியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கட்டை நீளவாக்கில் பிளந்து தளர்த்திய கொஞ்ச நேரத்தில் அவன் தூங்கிப்போனான். கை பிழைத்தது.

அந்த அம்மா செய்ததை எல்லா வீட்டிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வீக்கத்துக்கு இடம் வேண்டும்

துணிச்சுருளில் பாரிஸ் சாந்துப் பொடியைத் தேய்த்து, நனைத்துச் சுற்றும் முறையை 1851இல் கொண்டுவந்தவர் நெதர்லாந்து ராணுவ மருத்துவர் அந்தோனியஸ் மத்தைசன். இன்றும் அடிப்படை அதேதான். நனைந்த மாவு சில நிமிடங்களில் கெட்டியாகி, முறிந்த எலும்பை அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அடிபட்ட சதை முதல் இரண்டு மூன்று நாட்கள் வீங்கிக்கொண்டே போகும். வெளியே இருப்பதோ விரிந்து கொடுக்காத ஓடு. உள்ளே அழுத்தம் ஏறினால் தசைக்கும் நரம்புக்கும் ரத்தம் போவது குறையும். சில மணி நேரம் அப்படியே விட்டால் தசை செத்து, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோல்க்மன் 1881இல் விவரித்த அந்த ஊனத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. முழங்கை முறிந்த குழந்தைகளிடம் இதற்குக் கூடுதல் கவனம் தேவை.

முறிந்த இடத்து வலி, கட்டுப் போட்டபின் மெல்ல மெல்லக் குறைய வேண்டும். மாத்திரை கொடுத்தும் ஏறிக்கொண்டே போனாலோ, விரலைப் பிறர் நிமிர்த்தும்போது உயிர் போவதுபோல் வலித்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். மரத்துப்போவது, விரல் வெளுப்பது, நீலம் பாய்வது, சில்லிடுவது, அசைக்க முடியாமல் போவது இவையும் ஆபத்தான அறிகுறிகள்தான். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். ஆனால் நகம் சிவப்பாகத்தானே இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. பெரும்பாலும் வலிதான் முதலில் வரும். நிறமாற்றம் தெரியும்போது நேரம் கடந்திருக்கலாம்.

இதைத் தடுக்க வீட்டில் செய்யக்கூடிய பெரிய காரியம், கையையோ காலையோ நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைப்பது. படுக்கும்போது இரண்டு தலையணை போதும். மோதிரம், வளையல், மெட்டி எல்லாவற்றையும் கட்டுப் போடும் முன்பே கழற்றிவிடுங்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் விரல்களை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். கையில் கட்டு என்றால் தோளையும் அசைக்க வேண்டும். வயதானவர்களுக்குத் தோள் இறுகிப்போனால் கட்டுப் பிரித்த பின்னும் மாதக்கணக்கில் அவதி.

ஈரமும் அரிப்பும்

தொட்டால் கல்லாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். மாவுக்கட்டு முழுக்க உலர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை விரல்நுனியால் பிடித்துத் தூக்கினால் உள்பக்கம் குழி விழுந்து தோலை அழுத்தும், உள்ளங்கையில் ஏந்துங்கள். போர்வையால் மூடாமல் காற்றில் காயவிடுங்கள். காலில் போட்ட கட்டு என்றால், டாக்டர் சொல்லும்வரை ஊன்றி நிற்கக் கூடாது. குளிக்கும்போது பிளாஸ்டிக் பையால் சுற்றி, மேல்முனையை டேப் போட்டு ஒட்டி, கட்டைத் தண்ணீருக்கு எட்டாமல் வெளியே நீட்டி வையுங்கள். நனைந்து நெகிழ்ந்த கட்டு எலும்பைப் பிடிக்காது, மாற்றத்தான் வேண்டும். ஃபைபர் கட்டு தண்ணீரில் கரையாது என்றாலும், உள்ளே சுற்றிய பஞ்சு நனைந்தால் தோல் ஊறிப் புண்ணாகும்.

பத்தாவது நாள்வாக்கில் அரிப்பு படுத்தும். அந்தப் பையன் ஒருநாள் பென்சிலை உள்ளே விட்டுச் சொறிந்தான். முனை உடைந்து உள்ளேயே தங்கிவிட்டது. தோலில் விழும் சிறு கீறல்கூடக் காற்றுப்படாத இருட்டில் சீழ் பிடிக்கும். பவுடர், எண்ணெய் எதுவும் உள்ளே வேண்டாம். கட்டின் மேல் லேசாகத் தட்டினாலோ, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாலோ அரிப்பு கொஞ்சம் அடங்கும். துர்நாற்றம், கசிவு, காய்ச்சல், ஒரே இடத்தில் சுடுவதுபோன்ற எரிச்சல் இருந்தால் அன்றே காட்டிவிடுங்கள்.

காலில் கட்டுப் போட்டவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அசைவு குறைவதால் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.

கட்டுப் பிரித்த பிறகு

குழந்தைகளின் கைமுறிவுக்கு மூன்று நான்கு வாரம், பெரியவர்களின் மணிக்கட்டுக்கு ஆறு வாரம், முழங்கால் கீழ் எலும்புக்கு மூன்று மாதத்துக்கு மேலும் ஆகலாம். புகைபிடித்தால் எலும்பு கூடுவது இன்னும் தள்ளிப்போகும். கட்டை அறுக்கும் ரம்பம் சத்தத்தால் பிள்ளைகளை மிரட்டும். ஆனால் அது சுழல்வதில்லை, அதிர்கிறது. கெட்டியானதை அறுக்கும், அசைந்துகொடுக்கும் தோலை எளிதில் அறுக்காது. இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதி பயம் போகும்.

உள்ளிருந்து வெளிவரும் கை மெலிந்து, செதில் உதிர்ந்து, மூட்டு மடங்காமல் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் கழுவினால் செதில் தானாகப் போகும். தேய்த்து உரிக்க வேண்டாம். எண்ணெய் போட்டு நீவினால் சீக்கிரம் மடங்கும் என்று நம் வீடுகளில் இறங்கிவிடுவார்கள். முழங்கை மூட்டில் மட்டும் அதைச் செய்யவே கூடாது. பலவந்தமாக நீவினாலோ பிறர் பிடித்து மடக்கினாலோ தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளக்கூடும். பையனே தன் முயற்சியில், வலிக்காத அளவுக்கு மடக்கி நீட்டட்டும்.