ஆய்வேட்டிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கு

கலாநிதிப் பட்டம் ஒருவரை ஆய்வாளராக அடையாளப்படுத்துகின்றது. ஆனால், அப்பட்டம் மட்டுமே அவரை ஆசிரியராக்கி விடுவதில்லை. எமது பல்கலைக்கழகங்களில் போதிய கவனத்தைப் பெறாத உண்மை இது.

இலங்கையில் சிறப்புப் பட்டத்தில் உயர் வகுப்புச் சித்தியடைந்தவர்களே பெரும்பாலும் முதலில் தற்காலிக உதவி விரிவுரையாளராகவும் பின்னர் தகுதிகாண் நிலை விரிவுரையாளராகவும் உள்வாங்கப்படுகின்றனர். தகுதிகாண் காலம் நீடிக்கப்படினும் பொதுவாக எட்டு ஆண்டுகளுக்குள் பட்டப்பின் தகைமையைப் பெற்றாக வேண்டும். ஆகவே, இங்கு பலர் கற்பித்துக்கொண்டே ஆய்வு செய்கின்றனர். வேறு சிலர் கல்வி விடுமுறையில் வெளிநாடு சென்று, ஆண்டுக்கணக்கில் வகுப்பறையைக் காணாமலேயே ஆய்வை முடிக்கின்றனர். முன்னையவர்களுக்கு ஆய்வு பின்தள்ளப்படுகின்றது. பின்னையவர்களுக்குக் கற்பித்தல் அந்நியமாகின்றது. இரண்டினதும் பாதிப்பு இறுதியில் மாணவர்களையே சென்றடைகின்றது.

இதனைத் தவிர்ப்பதற்கான ஆயத்தம் ஆய்வுக் காலத்திலேயே தொடங்க வேண்டும். வாரத்தில் ஒரு சிறு குழு வகுப்பையேனும் பொறுப்பேற்பது நன்று. முழுப் பாடநெறியையும் சுமந்து ஆய்வைக் கைவிடுவது நன்றன்று. தாம் கற்பிக்க விரும்பும் பாடநெறி ஒன்றுக்கு, அதன் நோக்கம், வாராந்தத் தலைப்புகள், வாசிப்புப் பட்டியல், மதிப்பீட்டு முறை ஆகியவற்றை இப்போதே எழுதிப் பார்க்கலாம். வினாத்தாள் தயாரிப்பதும், புள்ளியிடும் திட்டத்துக்கமைய விடைத்தாள் திருத்துவதும் பழகியே பெற வேண்டிய திறன்களாகும். சிரேஷ்ட விரிவுரையாளர் ஒருவரைத் தமது வகுப்பில் அமரச்செய்து குறைகளைக் கேட்டறிவதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தையேனும் ஆய்வுச் சஞ்சிகைக்கு ஏற்ற கட்டுரையாக்கி விடுவது, நேர்முகப் பரீட்சைக்கும் பிற்காலப் பதவி உயர்வுக்கும் கைகொடுக்கும்.

தமிழ்மொழி மூலம் கற்பிக்கவிருப்போருக்கு மேலதிகக் கடமையொன்றுண்டு. ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வின் கருத்துகளைத் தமிழில் தெளிவாகச் சொல்லப் பழகுவதே அது. பேராசிரியர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆங்கிலத்திலேயே தமது ஆய்வுகளை நிறைவு செய்தவர்கள். தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய கைலாசபதியின் ஆங்கில நூல் 1968 இல் ஒக்ஸ்பேர்ட்டில் வெளிவந்தது. அதே ஆண்டில் தமிழ் நாவல் இலக்கியம் பற்றிய அவரது தமிழ் நூலும் வெளியானது. உலகப் புலமைக்காக ஒரு மொழியிலும், தம் மாணவருக்காக இன்னொரு மொழியிலும் அவர் ஏககாலத்தில் இயங்கினார் என்பது இன்றைய ஆய்வாளர் மனங்கொள்ளத்தக்கது.

எனினும், பொறுப்பு முழுவதையும் இளையோர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து கல்வியாளர் பலர் நாட்டைவிட்டு வெளியேறியமையால், எஞ்சியிருந்த இளம் விரிவுரையாளர்களின் வேலைச்சுமை அதிகரித்தது. வெற்றிடங்களை நிரப்ப அவர்களது ஆய்வு நேரத்தையே விலையாகக் கொடுத்தால், நாளை துறைகளைத் தாங்குவதற்குத் தகைமையுடையோர் இருக்கமாட்டார்கள். ஆய்வில் ஈடுபடுவோரின் விரிவுரை மணித்தியாலங்களுக்கு வரம்பிடுவதும், வகுப்பறைக்கு வழிகாட்டச் சிரேஷ்டர் ஒருவரை நியமிப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. பீடங்களும் துறைத் தலைவர்களும் இதனை உடனடிக் கடமையாகக் கொள்ள வேண்டுமென வலியுறுத்துகின்றோம்.