ஊறல் பானைக்குள் என்ன இருக்கிறது?

சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் வேளையில்தான் உண்மையான கேள்விகள் வரும். கூட்டத்தில் எழுந்து கேட்கக் கூசுவதையெல்லாம் நம் தோழர்கள் அப்போது கேட்பார்கள். அண்மைக் காலமாக நம்மிடம் அடிக்கடி வரும் கேள்வி இது:

"ஏங்கய்யா, கடையில விக்கிற சம்சுவைக் குடிச்சாத்தானே கெடுதி? வீட்டுலேயே ஊறல் போட்டா நம்ம கையால செஞ்சது, சுத்தமானது. அதுல என்னா தப்பு?"

கேட்பவர்கள் எல்லாரும் மொடாக் குடியர்கள் அல்லர். தீபாவளிக்கு இரண்டு போத்தல் வைத்துக் கொள்ளலாமே என்று நினைக்கும் குடும்பஸ்தர்களும் கேட்கிறார்கள். கைப்பேசியில் செய்முறை பார்த்து, அன்னாசித் தோலையும் சீனியையும் போத்தலில் அடைத்து வைக்கும் இளைஞர்களும் கேட்கிறார்கள்.

"குடிக்காதே" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். கோயில் திருவிழாவிலும் தமிழ்ப்பள்ளி மேடையிலும் அதைப் பல தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். கேட்டவரும் உண்டு, கேளாதவரும் உண்டு. இந்த வாரம் பானையைத் திறந்து, உள்ளே நடப்பதைப் பார்ப்போம்.

புளிப்பது எப்படி?

தென்னம்பாளையைச் சீவி முட்டியைக் கட்டினால் சொட்டுவது இனிப்பு நீர். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது இனிப்பாகவே இருக்கும். தடவாவிட்டால், காற்றிலும் முட்டியிலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அதிலுள்ள சீனியைத் தின்னத் தொடங்கும். சீனியைத் தின்று மதுச்சத்தையும் கரிவாயுவையும் வெளியே விடும். நுரை பொங்குவது அந்த வாயுவால்தான். காலையில் இறக்கிய கள் மாலையில் கடுப்பாக இருப்பதும், இரண்டொரு நாள் விட்டால் காடியாகப் போவதும் நம் தாத்தாமார் கண்கூடாகக் கண்டவை.

மலாய்க்காரர்கள் தாப்பாய் செய்ய அரிசியிலோ மரவள்ளியிலோ 'ராகி' என்ற வெள்ளை வில்லையைத் தூவுவார்கள். பெயரைக் கேட்டு நம் கேழ்வரகு என்று எண்ணிவிட வேண்டாம். அதில் ஈஸ்ட்டும் பூஞ்சையும் கலந்திருக்கும். சரவாக்கில் காவாய் பெருநாளுக்கும் சபாவில் காமாத்தான் பெருநாளுக்கும் அரிசி மது தயாராவதும் இந்த முறையில்தான். பியருக்கு வாற்கோதுமை, நம் ஊறலுக்குச் சீனியோ அரிசியோ பழமோ. சாமான் வேறு, வேலை ஒன்று.

இதில் ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டர் நீரில் 17 கிராம் சீனி முழுதும் புளித்தால் ஏறத்தாழ 1 விழுக்காடு மதுச்சத்து கிடைக்கும். 10 லிட்டர் நீருக்கு 1 கிலோ சீனி போட்டால் 6 விழுக்காட்டைத் தாண்டாது. கள்ளும் பியரும் பொதுவாக 5 விழுக்காட்டை ஒட்டி நிற்பவை. சீனியை எவ்வளவு கொட்டினாலும், 15 விழுக்காட்டை நெருங்கும்போது ஈஸ்ட் தான் உண்டாக்கிய மதுவிலேயே மூழ்கி வேலையை நிறுத்திக் கொள்ளும்.

ஆகவே, "இது சும்மா ஊறல்தான்பா, ஆனா நெருப்பு மாதிரி ஏறும்" என்று ஒருவர் போத்தலை நீட்டினால் புரிந்து கொள்ளுங்கள். அவர் அதைக் காய்ச்சியிருக்கிறார். இல்லையென்றால் எதையோ கலந்திருக்கிறார். வெறும் ஊறலுக்கு அந்த வீரியம் வராது.

புளிக்க வைப்பதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. பொங்கி அடங்கும் முன் கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி வைத்தால் வாயு நெருக்கி போத்தல் வெடிக்கும். அது நிற்கும் இடம் குழந்தைகள் ஓடியாடும் சமையல்கட்டு. களைக்கொல்லி வந்த பிளாஸ்டிக் டிரம்மைக் கழுவி அதில் ஊறல் போடுகிறவர்களும் உண்டு. மருந்தடிப்பு வேலை பார்ப்பவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த டிரம்மில் குடிதண்ணீர்கூட வைக்கலாகாது.

பழ ருசியின் ஏமாற்று

இப்போது பட்டணத்துக் கடைகளில் திராட்சை, பீச், ஸ்ட்ராபெரி என்று பழ வாசனையோடு சின்னச் சின்னப் போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. கொரிய நாட்டு சோஜு அவற்றில் ஒன்று. "பழத்தண்ணிதானே" என்று நம் பிள்ளைகள் வாங்குகிறார்கள். கணக்குப் பார்ப்போம். 5 விழுக்காட்டு பியர் 320 மில்லி டின் ஒன்றில் 16 மில்லி மதுச்சத்து இருக்கிறது. 13 விழுக்காட்டு பழ சோஜு 360 மில்லி போத்தலில் 46 மில்லிக்கு மேல் இருக்கிறது. ஒரு போத்தல் குடித்த பையன் கிட்டத்தட்ட மூன்று டின் பியர் குடித்திருக்கிறான். இனிப்பு தொண்டையை ஏமாற்றுமே தவிர ஈரலை ஏமாற்றாது. 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்ற விதி 2017 டிசம்பர் முதல் நடப்பில் உள்ளது. அதைக் கடைக்காரருக்கு நினைவூட்டும் உரிமை ஒவ்வொரு தாய்க்கும் தகப்பனுக்கும் உண்டு.

அடுப்பில் ஏறினால்

ஊறலைக் கொதிக்க வைத்து ஆவியைக் குளிர்வித்துப் பிடிப்பதே காய்ச்சுவது. அந்த ஆவி எளிதில் தீப்பிடிக்கும். பலகைச் சுவர் லயத்தில் ஒரு வீட்டில் பற்றினால் பக்கத்து வீடும் தப்பாது. ஆவியைக் குளிர்விக்கப் பழைய கார் ரேடியேட்டரை மாட்டுகிறவர்கள் உண்டு. அதன் பற்றவைப்பில் உள்ள ஈயம் சாராயத்தில் இறங்கும். ஈயம் நரம்பையும் சிறுநீரகத்தையும் மெல்லக் கெடுக்கும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது மெத்தனால். பழ ஊறலில் அது சிறு அளவில் தானாகவே உண்டாகும். ஆனால் கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் தொழிற்சாலை மெத்தனால்தான். சாயத்திலும் தின்னரிலும் பயன்படும் மலிவுச் சரக்கு அது. லாபத்துக்கு ஆசைப்பட்டவன் அதை வாங்கிச் சாராயத்தில் கலக்கிறான். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் இப்படிக் கலப்பட மது குடித்து 40 பேருக்கு மேல் மாண்டார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பலர் அதில் அடக்கம். நம் முன்னோர் கப்பலேறிய தமிழ்நாட்டிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் இதே மெத்தனால் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அங்கும் மாண்டவர்களில் பலர் அன்றாடக் கூலிகள்.

"நான் தீக்குச்சி கொளுத்திப் பார்த்துத்தான் குடிப்பேன். நீலமா எரிஞ்சா நல்ல சரக்கு" என்று சிலர் நம்மிடமே வாதாடியிருக்கிறார்கள். தோழர்களே, மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. வாசனையிலும் ருசியிலும் வேறுபாடு காண முடியாது. வீட்டில் இருந்தபடி கண்டுபிடிக்க வழியே இல்லை. யார் செய்தது, எதிலிருந்து வந்தது என்று தெரியாத போத்தலைத் தொடாமல் இருப்பது ஒன்றே வழி.

கண்ணில் பனி மூடினால்

சில ஆண்டுகளுக்கு முன் வடக்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் நடந்தது. குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் இரவில் நண்பர் கொடுத்ததைக் குடித்துவிட்டுப் படுத்தார். காலையில் பெரட்டுக்கு எழுந்தவர், "கண்ணு முன்னால பனி மூடுன மாதிரி இருக்கு" என்றார். "நேத்து ஏத்துனது இன்னும் இறங்கல" என்று மனைவி மோர் கலக்கிக் கொடுத்தார். மத்தியானம் வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வருமே, சரக்குக் கொடுத்தவரைக் காட்டிக் கொடுக்க வேண்டி வருமே என்று சாயங்காலம் வரை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். உயிர் பிழைத்தார். பார்வை முழுதாகத் திரும்பவில்லை. இருபது அடி உயரத்துக் குலையைக் கழி அரிவாளால் குறி பார்த்துச் சாய்த்தவர், இப்போது மகளின் தோளைப் பிடித்துக் கொண்டு சங்கக் கிளைக்கு வருகிறார்.

மெத்தனால் குடித்த உடனே கொல்வதில்லை. உடம்பு அதை மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அந்த அமிலம்தான் கண் நரம்பைத் தாக்குகிறது. பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே அறிகுறி தெரியும். சாதாரண மதுவோடு சேர்த்துக் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். ஆஸ்பத்திரியில் மாற்று மருந்தும், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரமும் உண்டு. சீக்கிரம் போனால் உயிரையும் கண்ணையும் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. எலுமிச்சையும் மோரும் புளித்தண்ணீரும் அதைச் செய்யா.

யாரைக் குற்றம் சொல்வது?

லயத்தில் ஊறல் போட்டு விற்பவர் யார் என்று பார்த்தால், பல இடங்களில் அது கணவனை இழந்த ஒரு தாயாக இருப்பார். "என்னாங்கய்யா பண்றது, மூணு பிள்ளைங்க படிக்குது" என்று நம் முகத்தைப் பார்க்காமல் சொல்வார். லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது 1976ஆம் ஆண்டு கலால் சட்டப்படி குற்றம். சுங்கத்துறை வந்தால் பானையை உடைத்து அவரைத்தான் கொண்டு போவார்கள். அவரைத் திட்டி ஒதுக்கி வைப்பதற்கு முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவருடைய கணவர் சொக்சோவில் சேர்ந்திருந்தாரா? சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதாமாதம் ஓய்வூதியம் உண்டு. வேலையில் இறந்திருந்தால் வேறு உதவித் தொகை உண்டு. சேமநிதியில் கணவர் பெயரில் உள்ள பணமும் குடும்பத்துக்கே சேர வேண்டியது. பாரம் நிரப்பத் தெரியாமல், ஆபீஸ் ஏறக் கூச்சப்பட்டு, இவற்றைக் கேட்காமலே விட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தால் ஒரு ஊறல் பானை அடுப்பை விட்டு இறங்கும்.

குடிப்பவருக்கும் ஒரு கணக்கு. நாளுக்கு 8 வெள்ளி என்று வைத்துக் கொண்டால் மாதம் 240 வெள்ளி, ஆண்டுக்கு 2,880 வெள்ளி. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. எத்தனை ஆண்டு கேட்டுப் பெற்ற சம்பளம் அது! அதில் ஏழில் ஒரு பங்கை மாதாமாதம் போத்தலில் ஊற்றுகிறோம்.

இந்தக் கணக்கை நமக்கு முன்னோர் போட்டுப் பார்த்துவிட்டார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம் மக்கள், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கோரினார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் அதே கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் நீத்தனர். 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் நடத்தினர். பீடோங்கில் போலீசாரோடு ஏற்பட்ட மோதலில் ஒரு தொழிலாளி மாண்டார். குடியை மான உரிமையோடு சேர்த்துப் பார்த்த தலைமுறை அது. பின்னாளில் கள்ளுக்கடைகள் குறைந்தபோது அந்த இடத்தைச் சம்சு பிடித்துக் கொண்டது. கடையை மூடுவதோடு வேலை முடிவதில்லை என்பதை அதிலிருந்து நாம் கற்றுக் கொண்டோம்.

செய்ய வேண்டியவை

தோட்டக் கிளைத் தலைவர்களுக்கும் மாதர் பகுதியினருக்கும் நாம் வேண்டிக் கொள்வது இவை.

ஒன்று: குடித்தவருக்குக் கண் மங்கினாலோ, விடாத வாந்தியோ மூச்சுத் திணறலோ கண்டாலோ 999ஐ அழையுங்கள். வண்டி வரத் தாமதமானால் தோட்டத்து லாரியிலாவது ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மிச்சமிருக்கும் போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குடித்ததை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

இரண்டு: ஒருவர் பாதிக்கப்பட்டால், அதே சரக்கைக் குடித்த மற்றவர்களை உடனே தேடிப் பிடியுங்கள். நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். நம் தோட்டங்களில் இன்று வேலை செய்யும் வங்காளதேசி, நேப்பாளி, இந்தோனேசியத் தோழர்களையும் விட்டுவிடாதீர்கள். பாஷை தெரியாமல், பெர்மிட்டுக்குப் பயந்து, அவர்கள்தான் கடைசியில் வருவார்கள்.

மூன்று: உங்கள் லயத்தில் கணவனை இழந்த பெண்கள் எத்தனை பேர், அவர்களில் சொக்சோவும் சேமநிதியும் கேட்காதவர்கள் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். இறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றோடு அவர்களைக் கிளைக்கு அழைத்து வாருங்கள். பாரம் நிரப்புவது நம் வேலை. நாள் கடத்த வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.