இயந்திரத்தின் பிழையும் இயக்குவோரின் சாட்சியும்

இரும்பாலான பொறியில் பழுது நேர்ந்தால் அது பெரும்பாலும் புலன்களுக்கு எட்டிவிடும். தேய்ந்த பல்சக்கரம் ஓசை எழுப்பும். வெடித்த குழாய் தரையை நனைக்கும். கணிப்பொறியை நடத்தும் மென்பொருளின் பழுது அத்தகையதன்று. மென்பொருள் தேய்வதுமில்லை, துருப்பிடிப்பதுமில்லை. எழுதப்பட்ட நாளிலேயே அதனுள் புகுந்துவிட்ட பிழை, உரிய சூழ்நிலை வாய்க்கும் வரை பல்லாண்டுகள் மறைந்திருக்கக் கூடும். அதனை வெளிக்கொணர்வதில் பொறியை நாள்தோறும் கையாளுவோருக்குள்ள பங்கு யாது என்பதைத் ‘தெராக்-25’ என்னும் கதிர்ச் சிகிச்சைப் பொறியின் வரலாறு தெளிவுறக் காட்டுகிறது.

பொறியின் அமைப்பு

புற்றுநோய்ச் சிகிச்சைக்கான இப்பொறியைக் கனடா அரசுக்குச் சொந்தமான அணுசக்தி நிறுவனம் உருவாக்கியது. அமெரிக்காவில் ஐந்தும் கனடாவில் ஆறுமாகப் 11 பொறிகள் நிறுவப்பட்டன. தோலை அடுத்துள்ள கட்டிகளுக்கு எலெக்ட்ரான் கற்றையையும், உடலின் ஆழத்திலுள்ள கட்டிகளுக்கு எக்ஸ்-கதிரையும் ஒரே பொறி செலுத்தியது. எக்ஸ்-கதிரை உண்டாக்க, எலெக்ட்ரான் கற்றையின் மின்னோட்டத்தைச் சுமார் நூறு மடங்கு உயர்த்தி, உலோக இலக்கொன்றின் மீது மோதச் செய்தல் வேண்டும். அவ்விலக்கும், கதிரைச் சமன்செய்யும் வடிகட்டியும் ஒரு சுழல் தட்டில் பொருத்தப்பட்டிருந்தன. அவை உரிய இடத்தில் இல்லாதபோது உயர் வலிமையுள்ள கற்றை பாயுமானால், நோயாளி கொடிய காயத்துக்கு உள்ளாவார்.

முந்தைய மாதிரியான தெராக்-20இல் இவ்வாபத்தைத் தடுப்பதற்கு, கணிப்பொறியைச் சாராத தனி மின்சுற்றுகளும் பூட்டுச் சாதனங்களும் இருந்தன. தெராக்-25இல் அவை கைவிடப்பட்டு, காவற்பொறுப்பு மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டது. அம்மென்பொருளோ, பழைய மாதிரிகளுக்கென எழுதப்பட்டதிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்டது. ஒருவரே பல ஆண்டுகளாக எழுதி வந்தது. முன்பு தீங்கின்றி உழைத்தது இனியும் அவ்வாறே உழைக்கும் என்ற நம்பிக்கை நிலவிற்று.

டைலர் நகரில் நிகழ்ந்தது

1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை ஆறு நோயாளிகள் மிகையான கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவற்றுள் இரண்டு நிகழ்ச்சிகள் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகர மருத்துவமனை ஒன்றில் நேர்ந்தன. 1986 மார்ச் 21 அன்று, தேர்ந்த அனுபவமுள்ள பெண் ஊழியர் ஒருவர் சிகிச்சை விவரங்களை விரைவாகத் தட்டெழுத்தில் பதிந்தார். எலெக்ட்ரானுக்குரிய எழுத்துக்குப் பதிலாக எக்ஸ்-கதிருக்குரிய எழுத்தை அழுத்திவிட்டதை உணர்ந்து, உடனே திருத்தினார். கற்றையைச் செலுத்தியதும் பொறி நின்று, ‘மால்ஃபங்ஷன் 54’ என்ற செய்தி திரையில் தோன்றிற்று. இயக்கக் கையேட்டில் அதற்கு விளக்கமில்லை. இத்தகைய சிறு நிறுத்தங்கள் அப்பொறியில் அடிக்கடி நேர்வன ஆதலால், அவர் வழக்கம்போல் மீண்டும் செலுத்துமாறு விசையை அழுத்தினார். நோயாளிக்கு விதிக்கப்பட்ட அளவு 180 ராட். அவர் உடலின் ஒரு சிறு பகுதியில் பாய்ந்தது 16,500 முதல் 25,000 ராட் வரை இருக்கலாம் எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது.

நிறுவனத்தின் பொறியியலாளர் வந்து சோதித்தனர். பிழை மீண்டும் தோன்றவில்லை. இப்பொறி மிகை அளவு தருவது இயலாது என்று கூறப்பட்டது. பொறி மீண்டும் இயக்கப்பட்டது. ஏப்ரல் 11 அன்று அதே ஊழியர் கையாண்டபோது அதே செய்தி தோன்றி, மற்றொரு நோயாளி தீங்குற்றார். இருவருமே பின்னர் உயிர் நீத்தனர்.

பிழை பிடிபட்ட விதம்

இம்முறை மருத்துவமனையின் இயற்பியலறிஞர் பொறியை நிறுத்திவைத்து, அவ்வூழியரைத் துணையாகக் கொண்டு தாமே ஆராயத் தொடங்கினார். ஊழியர் தாம் செய்தவற்றை வரிசை பிறழாமல் நினைவுகூர்ந்தார். இருவரும் விவரங்களைத் திரும்பத் திரும்பப் பதிந்து, இறுதியில் வேண்டும்போதெல்லாம் அச்செய்தியை வரவழைக்கக் கண்டறிந்தனர். மறைபொருள், பதியும் வேகத்தில் இருந்தது. பொறியின் மின்காந்தங்கள் நிலைகொள்ளச் சுமார் எட்டு வினாடி பிடிக்கும். அதற்குள் திருத்தம் தொடங்கி முடிந்துவிடின், மென்பொருளின் ஒரு பகுதி அதனை அறியாமலே போயிற்று. நிறுவனத்தினர் மெல்லப் பதிந்ததால் அவர்களுக்குப் பிழை புலப்படவில்லை.

ஒரு பிழையைத் திருத்தியதும் துன்பம் தீர்ந்துவிடவில்லை. 1987 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்து யாகிமா நகரில் நேர்ந்த விபத்துக்கு வேறொரு பிழை காரணமாயிற்று. சோதனை தேவை என்பதைக் குறிக்கும் எண் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூடிக்கொண்டே சென்றது. 255க்கு மேல் கொள்ள இடமில்லாத அவ்வெண் 256ஆம் முறை பூச்சியமாயிற்று. அக்கணத்தில் விசை அழுத்தப்பட்டால் சோதனை நடைபெறாது.

மாணவர் காட்டிய உண்மை

சிகாகோ பல்கலைக்கழகத்தில் பழைய தெராக்-20 ஒன்று இருந்தது. புதிய மாணவர் குழு பயிற்சிக்கு வரும்போதெல்லாம் அதன் ஃப்யூஸ்கள் எரிந்து பொறி நின்றுவிடும். பின்னர் மாதக்கணக்கில் தொல்லை இராது. டைலர் செய்தி வெளிவந்த பின் அங்குள்ள இயற்பியலறிஞர் ஆராய்ந்தபோது, அதே மென்பொருட் பிழை அப்பொறியிலும் இருப்பது வெளியாயிற்று. பழகாத மாணவர் விவரங்களைப் பலவாறு மாற்றிப் பதிந்தமையே பிழையைத் தூண்டிற்று. ஆயினும் அங்கு ஒருவரும் தீங்குறவில்லை. தனிப் பூட்டுச் சாதனங்கள் காத்தன. பழைய பொறியின் நற்பெயருக்குக் காரணம் மென்பொருளன்று, அதன் தவற்றை ஓசையின்றித் தடுத்துவந்த சாதனங்களே என்பது தெளிவு.

1987இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் தலையிட்டதன்பின் மென்பொருள் திருத்தப்பட்டது. தனிப் பாதுகாப்புச் சாதனங்களும் சேர்க்கப்பட்டன. 1993இல் நான்சி லெவ்சன், கிளார்க் டர்னர் ஆகியோர் வெளியிட்ட விரிவான ஆய்வு, இன்றும் மென்பொருட் கல்வியில் பாடமாகப் பயன்படுகிறது.

களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும்

இன்று களப்பணியாளரும் ஆசிரியரும் விவரங்களைக் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் பதிகின்றனர். திரையில் புரியாத செய்தி தோன்றுமாயின், விசையை மீண்டும் அழுத்துமுன் அச்செய்தியை அப்படியே எழுதிக்கொள்ளுதல் நலம். எதை முதலில் பதிந்தோம், எதைத் திருத்தினோம், எவ்வளவு விரைவாகச் செய்தோம் என்பவற்றையும் நேரத்தோடு குறித்தல் வேண்டும். அடிக்கடி வருவது என்பதற்காக எச்சரிக்கையைப் புறக்கணித்தல் ஆகாது. புதிதாகக் கற்கும் மாணவர் செய்யும் தவறுகளையும் ஆசிரியர் குறித்துவைக்கலாம்; பழகியவர் கையில் தோன்றாத பிழை அவற்றால் வெளிப்படலாம்.

முறையீட்டைப் பெறுவோர்க்கும் கடமையுண்டு. சோதனைச்சாலையில் மீண்டும் தோன்றவில்லை என்பதனால் களத்தில் தோன்றியது பொய்யாகிவிடாது. டைலர் நகர ஊழியரின் நினைவாற்றலைத் துணைக்கொண்ட பின்னரே பிழை அகப்பட்டது. முதல் நிகழ்ச்சியின்போதே அவரை அருகில் அமர்த்தி, அதே வேகத்தில் பதியச் செய்திருப்பின், இரண்டாம் உயிர் காக்கப்பட்டிருக்கக் கூடும்.